தூங்குமூஞ்சி மரத்துக் குதிரைப்படை

சர்வஜித்து வருஷம் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. நாட்டுக்குச் சுதந்தரம் வந்த அன்றைய காலையில் அரியலூர்க் கடைத்தெருவில் ஒரு முழம் பூ வாங்க வழியில்லாமற் போயிற்று. அம்மன் கோயில்களுக்குப் போனது போக மிச்சத்தையெல்லாம் சுதந்தரமே வாங்கிச் சூடிக்கொண்டுவிட்டது என்று பூக்காரிகள் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பூவெல்லாம் போய்ச் சேர்ந்த இடம், ஜட்கா வண்டிக்காரன் கண்ணையனுடைய வண்டி.

வண்டியின் கூண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவ்விடத்தில் மூங்கிலை வளைத்துக் கட்டியிருந்தார்கள். மேல் வளைவு முழுவதும் கனகாம்பரம், நடு வளைவு நந்தியாவட்டை, கீழே மருக்கொழுந்து. நடுவில் வாடாமல்லியால் ஒரு சக்கரம். அதன் முன்னே, பாரதமாதா நிற்பதற்காகச் செண்டுப்பூவாலே தாமரைபோல் விரித்த ஒரு சிறு மேடை. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி என்றே தெரியாது. சக்கரம் வைத்த நந்தவனம் என்று சொல்லலாம். கண்ணையனின் மனைவி பொன்னம்மாள் விடிவதற்கு முன்பிருந்தே கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"ராணி வாய்க்கு எட்டாத இடமாப் பாத்து மருக்கொழுந்தை வையுங்க. ஒரு பக்கத்தைத் தின்னு முடிச்சிட்டு, மறுபக்கம் எப்பன்னு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிது."

ராணி என்பது கண்ணையனுடைய செவலைக் குதிரை. அதன் நெற்றியில் பொட்டு, கழுத்தில் சலங்கை, கண்பட்டையின் மேலே இரண்டு சம்பங்கிக் கொத்துகள்.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டான். ராணியை மட்டும் ஏன் மாமா உங்கிட்ட விட்டுட்டுப் போறான்?" என்று கேட்டான் வைத்திலிங்கம். அவனும் ஜட்காக்காரன்தான், நிறுத்தத்தில் கண்ணையனுக்கு அடுத்த இடம் அவனுடையது.

"அவனுக்குக் கொள்ளு வாங்கிப்போடக் கட்டுப்படியாகலடா," என்றான் கண்ணையன். சிரித்தானே தவிர, ராணியின் கடிவாளத்தை மூன்றாம் முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டான். அன்றைய ஊர்வலம் நல்லபடியாக முடிய வேண்டும். முடியாவிட்டால், தூங்குமூஞ்சி மரம் போய்விடும்.

அந்த மரத்தின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அது ரயிலடிக்கு நேர் எதிரே, ஒரு சத்திரத்துக்குப் போதுமான நிழலோடு நின்றது. மரமும் அது நின்ற மனையும் அரிசி ஆலை முதலாளி அமிர்தலிங்கத்துக்குச் சொந்தம். ஊருக்கு ரயில் வந்த நாள் முதலாக, பதினொரு ஜட்காக்களும் அந்த நிழலிலேயே நின்றுவந்தன. இப்போது பெரம்பலூர் பஸ்ஸுக்கு அங்கே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டு, ஜட்காக்களைச் சந்தைப்பேட்டைக்கு அப்பால் அனுப்பிவிடலாமென்று அமிர்தலிங்கத்துக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ரயிலடிக்கு வந்துசேர்வதற்குள், ரயிலை விட்டிறங்கிய ஜனம் நடந்தே வீடு போய்க் கால் கழுவியிருக்கும். பிறகு ஜட்கா எதற்கு? குதிரை எதற்கு?

இதைப் பற்றி மன்றாடுவதற்காகவே கண்ணையன் ஒரு நாள் அரிசி ஆலைக்குப் போனான். போன சமயத்தில் அங்கே சுதந்தர விழாக் கமிட்டி கூடியிருந்தது. அமிர்தலிங்கமே அதற்கும் தலைவர். பெரம்பலூரிலிருந்து தங்கசாமியின் பேண்டு வாத்தியம் வருவதென்றும், அவ்வூர்க்காரர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பூவாலேயே கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதென்றும் முடிவாகியிருந்தது. உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்காரர் குருநாதன், தம்முடைய நான்கு சவாரிக் குதிரைகளைத் தாமே முன்னின்று நடத்திவர இசைந்திருந்தார்.

"நாலு குதிரை வந்தா நாலு குதிரை வருதுன்னுதான் சொல்லுவாங்க. படைன்னு யாரு சொல்லுவா?" என்று அமிர்தலிங்கம் குறைப்பட்டுக்கொண்டார். பெரம்பலூர்க்காரன் கோட்டையே கொண்டுவரும்போது அரியலூரான் கையை வீசிக்கொண்டு நடப்பதா என்பது அவருடைய உள்வருத்தம்.

வந்த காரியத்தை மறந்து கண்ணையன் வாயைத் திறந்தான். "எங்ககிட்ட பதினோரு குதிரை இருக்குங்க ஐயா."

குருநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "ஜட்காக் குதிரை முதுகுல ஆள் ஏறினா, பாரம் ஏன் இடம் மாறிச்சுன்னு அது திரும்பிப் பாக்கும். பேண்டு சத்தம் கேட்டா ஒண்ணு கொள்ளிடத்துக்கு ஓடும், ஒண்ணு கொல்லிமலைக்கு ஓடும். நடுவுல பாரதமாதா எந்தப் பக்கம் போவா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணையனுக்குக் காதுவரை சூடேறிவிட்டது.

"ஒரு குதிரை ஓடினாலும், மறுநாளே நாங்க மரத்தடியைக் காலி பண்ணிட்டுப் போயிடுறோம். ஓடலேன்னா மரத்தடி எங்களுக்கே இருக்கட்டும். சம்மதமுங்களா?"

அமிர்தலிங்கம் கோட்டையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "சம்மதம்," என்றார்.

அன்று மரத்தடிக்குத் திரும்பியபோது மற்ற பத்துப் பேரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருடைய பிழைப்பையும் எடுத்து ஒருவன் பந்தயத்தில் வைப்பதற்கு அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வீட்டில் பொன்னம்மாள் அதையே சுருக்கமாகக் கேட்டாள். "அந்த மரத்தை நட்டு வச்சது உங்க அப்பாருன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

பேசியது பேசியாயிற்று. இனிக் குதிரைகளைப் பழக்க வேண்டும். மரத்தடியில் நாள்தோறும் காலிச் சீமெண்ணெய்த் தகரங்களைத் தட்டினார்கள். தட்டத் தட்ட முதலில் குதிரைகள் மிரண்டன, பிறகு தட்டுகிறவர்களைப் பரிதாபமாகப் பார்த்தன, கடைசியில் உறங்கின. ஊசிப்பட்டாசு கொளுத்தியும் பார்த்தார்கள். அதற்கும் பழகின. உண்மையில் பழகாதவர்கள் வண்டிக்காரர்கள்தாம். குதிரைக்குப் பின்னாலேயே ஆயுளைக் கழித்த அவர்களில் ஒருவனாவது குதிரையின் மேலே உட்கார்ந்ததில்லை. வைத்திலிங்கம் ஏறிய முதல் நாளன்று, பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான்.

"இறங்கட்டுமா மாமா?"

"குதிரை இன்னும் நடக்கவே இல்லடா."

ஒரே ஒரு காரியத்தில் மாத்திரம் கண்ணையனுக்குச் சந்தேகமே எழவில்லை. ஊர்வலத்தில் எது முன், எது பின் என்ற கேள்வி வந்தபோது, நிறுத்தத்தில் நிற்கிற முறையே ஊர்வல முறை என்று சொல்லிவிட்டான். நிறுத்தத்திலே முதல் இடம் ராணியினுடையது. இரண்டாமிடம் வைத்திலிங்கத்தின் வெள்ளையன். இவ்வாறே பதினொன்று வரைக்கும் முறை உண்டு. முறை மாறினால் குதிரைகள் ஒன்றையொன்று கடிக்கும். முறைப்படி நின்றாலோ, இடியே விழுந்தாலும் அசையமாட்டா.

பட்டாசு, பேண்டு, கூட்டம், நாய், யானைக்கால்போல் பருத்த பெரிய முரசு என்று எதையெல்லாம் நினைக்க முடியுமோ அதையெல்லாம் நினைத்துத் தயாரானார்கள். வாழ்நாள் முழுவதும் எதை நினைத்தபடியே இருந்தார்களோ, அதை மாத்திரம் நினைக்கவில்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் அரிசி ஆலையின் களத்தில் ஊரே கூடிவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஜெகதாம்பாள் பாரதமாதா வேஷத்தில் வந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, பச்சைக் கரையிட்ட வெள்ளைப் பட்டு, நாடகக் கம்பெனிக்காரரிடம் இரவல் வாங்கிய கிரீடம், கையிலே கொடி. பாரதமாதா அசையக் கூடாது, பேசவும் கூடாது என்று தன்னுடைய மாணவிகளுக்கு அவள் ஒரு வாரமாகச் சொல்லி வந்திருந்தாள். ஆகவே பூமேடைமீது ஏறி நின்ற கணத்திலிருந்து, உதட்டை அசைக்காமலேயே பேசத் தொடங்கினாள்.

ஜட்காவோ இரட்டைச் சக்கர வண்டி. பாரம் பின்னால் போனால், குதிரையைப் பூட்டும் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். கண்ணையன் ஏர்க்காலைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சொன்னான்: "டீச்சரம்மா, ஒரு சாண் முன்னால வாங்க. பின்னாடி கனம்."

"கனம்னு யாரைச் சொல்றே கண்ணையா?" என்று உதடு அசையாமல் கேள்வி வந்தது.

"பூவைத்தான் சொன்னேங்க."

எல்லாவற்றுக்கும் முன்னே குருநாதனின் நான்கு குதிரைகளும் பளபளவென்று நின்றன. அவற்றின் பின்னே, தோளில் மாலையோடு அமிர்தலிங்கமும் கமிட்டியாரும். அடுத்தது பூத்தேர். அதன் பின்னே, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து ஜட்காக் குதிரைகள். ஒவ்வொன்றின் மேலும் காவித் தலைப்பாகையும் வெள்ளைச் சட்டையும் பச்சைக் கச்சையுமாக ஒரு வண்டிக்காரன். அதற்கும் பின்னே தங்கசாமியின் பேண்டு. கடைசியில் பெரம்பலூரார் கொண்டுவந்த ரஞ்சன்குடிக் கோட்டை. கோழிக்கொண்டைப் பூவாலே மதில், அரளியாலே கொத்தளம், உச்சியில் கொடி. மாடுகள் இரண்டும் கோட்டையை இழுக்கிறோமென்ற நினைவே இல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"மாஸ்டர், பழைய வெள்ளைக்கார ராஜா பாட்டு எதையாச்சும் பழக்கதோஷத்துல வாசிச்சுப்புடாதீங்க," என்று அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்து எச்சரித்தார்.

"அதெல்லாம் நேத்தோட மறந்தாச்சுங்க," என்றார் தங்கசாமி. பிறகு தம்முடைய ஆட்களிடம், "கூட்டத்துல வழி தெரியாது. முன்னால போற கடைசிக் குதிரை வாலையே பாத்துக்கிட்டு வாங்க. வால் போற இடம் நம்ம இடம்," என்று கட்டளையிட்டார்.

முரசு முழங்கிற்று. கிளாரினெட்டுகள் ஒரே மூச்சில் கிளம்பின. ஊர்வலம் நகர்ந்தது.

கண்ணையன் ராணியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரையின் மனசு காதில் இருக்கிறதென்பது அவனுடைய கணக்கு. காது இரண்டும் சாந்தமாக முன்னோக்கி நின்றன. அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். வெள்ளையன் வருகிறது, வைத்திலிங்கம் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பின்னே மற்றவர்களும் நூல் பிடித்தாற்போல் வருகிறார்கள். கடைத்தெருவின் இரு மருங்கிலும் மாடியிலிருந்து அரிசிப்பொரியையும் பூவிதழையும் வாரி இறைத்தார்கள். யாரோ ஒருவர் ஜட்காக்காரர்களைப் பார்த்து, "வாடகைக்கு வருமா?" என்று கூவினார். வைத்திலிங்கம், "இன்னைக்கு எங்களுக்கே நாங்க சவாரி," என்று திருப்பிக் கொடுத்தான். தெரு முழுவதும் சிரித்தது. ஒரு பையன் சரவெடியைக் கொளுத்தி நடுத்தெருவிலேயே போட்டான். குருநாதனின் சாம்பல்நிறக் குதிரை பக்கவாட்டில் துள்ளி ஒரு வளையல் கடையின் பந்தற்காலை இடித்துக்கொண்டது. ராணியோ வெடியைத் தாண்டி அடியெடுத்து வைத்தது.

"பாத்தீங்களா டீச்சரம்மா," என்றான் கண்ணையன்.

"பாக்கக் கூடாதுன்னு விதி. இருந்தாலும் பாத்தேன்," என்றாள் பாரதமாதா.

கண்ணையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூட்டத்தில் உபரிப்பூக் கூடையோடு நடந்துவந்த பொன்னம்மாளைப் பார்த்தான். அவள்கூட, பல்லைக் காட்டாவிட்டாலும், முகத்தைச் சுளிக்கவில்லை. இன்னும் பாதித் தெரு. அதன்பின் ரயிலடிச் சாலை பிரிகிற முனை. முனையைத் தாண்டி நேரே போனால் பள்ளிக்கூடத்து மைதானம். அங்கே கூட்டம் முடிந்தால், மரம் அவர்களுடையது. அந்தப் பாதித் தெருவும் கடந்து, முன்னே போனவர்கள் முனையைத் தாண்டி, தேர் முனைக்கு வந்தது.

அப்பொழுதுதான் ரயில் ஊதிற்று.

அது விடியற்கால வண்டி. வழக்கப்படி விடியும்போதே வந்து போயிருக்க வேண்டியது. ஆனால் அன்றைக்கு வழியிலிருந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எஞ்சினை நிறுத்திவைத்து, அதற்கு மாலை போட்டுச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்த பிறகே விட்டிருந்தார்கள். ஜட்காக்காரர்கள் எல்லோரும் விடிவதற்கு முன்பே களத்துக்கு வந்துவிட்டபடியால், வண்டி வந்ததா இல்லையா என்று பார்க்க மரத்தடியில் ஒருவரும் இல்லை. ரயில் வந்துதானே போயிருக்கும் என்று அதைப் பற்றி எவரும் கேட்கவுமில்லை. ரயில் என்ற ஒன்று இருப்பதையே கண்ணையன் மறந்த நாள், அவன் லகான் பிடித்த காலத்தில் அது ஒன்றுதான்.

டிரைவருக்கும் அன்று கொண்டாட்டமாயிருக்க வேண்டும். ஊதலை இழுத்தவர் விடவே இல்லை. பேண்டையும் முரசையும் கூட்டத்தையும் தாண்டி, அந்த ஓசை கடைத்தெருவின் குறுக்கே நீண்டுகொண்டே போயிற்று.

ராணியின் இரண்டு காதுகளும் விறைத்தன. என்ன நடக்கப்போகிறதென்று கண்ணையனின் புத்திக்கு எட்டுவதற்கு முன்பே, ஊருக்குள்ளே எங்கிருந்தாலும் ஊதல் கேட்டால் மரத்தடிக்கு முந்துவதற்காக லகானைத் தளர்த்தி ஒரு சுண்டு சுண்டிவிடும் அவனுடைய வலது கை, தன் வேலையைத் தானே செய்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை அல்லவா? ராணிக்கு அதற்குமேல் உத்தரவு வேண்டியிருக்கவில்லை. முனையில் இடப்பக்கம் திரும்பி, ரயிலடிச் சாலையில் நாலுகால் ஓட்டமாக இறங்கிற்று.

"கண்ணையா, மைதானம் நேரே அல்லவா?"

"கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா."

பின்னால் குளம்படி ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்கவே அவனுக்குத் துணிவில்லை, பார்த்தான். வெள்ளையன் வருகிறது. அடுத்தது வருகிறது. பத்தும் வருகின்றன. வைத்திலிங்கம் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். கடைசிக் குதிரையின் வாலையே பார்த்து வந்த பேண்டு, வால் திரும்பியதும் தானும் திரும்பி, வால் ஓடியதும் தானும் ஓடிற்று. ஓடினாலும் வாசிப்பதை நிறுத்தலாகாது என்று தங்கசாமி கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, நடைக்கு ஏற்றிருந்த பாட்டு ஓட்டத்துக்கேற்ற பாட்டாகிவிட்டது. பேண்டு ஓடுவதைக் கண்ட கூட்டம், ஏதோ பெரிய விசேஷம் அங்கேதான் போலிருக்கிறது என்று பின்னாலேயே ஓடிற்று. பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு குறுக்குச் சந்துகள் வழியாகப் பாய்ந்தார்கள். மாடுகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ரஞ்சன்குடிக் கோட்டை, கொத்தளங்களை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு, ரயிலடிச் சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்தது.

பூத்தேரின் மேலே காற்றில் பட்டுப் புடைவை படபடத்தது. கனகாம்பரம் பறந்தது. பாரதமாதா இடது கையால் மூங்கில் வளைவைப் பற்றிக்கொண்டாளேயன்றி, கொடி பிடித்த வலது கையைத் தாழ்த்தவே இல்லை. கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் முகத்தில் அசைவில்லை. சாலையோரத்தில் நின்றவர்கள் அவளைக் கண்டு மெய்ம்மறந்து கும்பிட்டார்கள்.

கண்ணையனின் கண்களில் நீர் முட்டிற்று. எல்லாம் போயிற்று. ஒரு குதிரை ஓடினாலே மரமில்லை என்று சொன்னவன் அவன். ஓடியவை பதினொன்று, முதலில் ஓடியது அவனுடையது. ஆயினும், நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது: கழுத்துச் சலங்கை கலகலக்க, பின்னாலே பத்துக் குதிரைகளும் ஒரு பேண்டும் ஒரு கோட்டையும் தொடர, அப்படியொரு ஓட்டத்தை அவன் தன் பிறவியில் ஓட்டியதில்லை. துக்கத்துக்கு நடுவே நெஞ்சு துள்ளிற்று.

ராணி தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தது. தன்னுடைய இடத்தில், ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடி, சட்டென்று நின்றது. வெள்ளையன் அதன் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு மூன்றாவது, நான்காவது. எவனும் லகானைத் தொடவில்லை. பதினொன்றும் தத்தம் இடத்தில், மூக்கு மூக்குக்கு நேராக வந்து நின்று, வாலை ஒருமுறை சுழற்றிவிட்டு அமைதியாயின. அதே கணத்தில் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது.

எஞ்சினின் முகமே தெரியவில்லை, அத்தனை மாலை. இரு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. சன்னல்தோறும் தலையும் கையும் துண்டும் ஆடின. வேலிக்கு இப்பால் மரத்தடியில் அணிவகுத்து நிற்கிற குதிரைப்படையையும், பூத்தேரின் மேல் கொடியுயர்த்திய பாரதமாதாவையும், மூச்சிரைக்க முழங்கி வருகிற பேண்டையும், பூவாலான கோட்டையையும், அதன்பின்னே அலையாய் வருகிற ஊரையும் பார்த்ததும், ரயிலே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பிரயாணிகள் வேலியைத் தாண்டி வந்து குதிரைகளைத் தட்டிக்கொடுத்தார்கள். கரிபடிந்த காக்கிச் சட்டைமேல் மாலையணிந்த டிரைவர் இறங்கி வந்து, தம்முடைய மாலையைக் கழற்றி ராணியின் கழுத்தில் போட்டார். ராணி அதிலிருந்த மருக்கொழுந்தை உடனே கண்டுபிடித்துக்கொண்டது.

அச்சமயத்தில் அமிர்தலிங்கம், மேல்வேஷ்டி ஒரு கையிலும் மாலை ஒரு கையிலுமாக ஓடி வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் ரயில்வே கார்டு அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"நீங்கதான் தலைவரா? வழி நெடுக எவ்வளவோ வரவேற்புப் பாத்துட்டோம் சார். ரயிலுக்குக் குதிரைப்படையோட வந்து அணிவகுத்து நின்னது உங்க ஊர் ஒண்ணுதான்."

அமிர்தலிங்கத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெல்ல மூடிற்று. கையிலிருந்த மாலையைக் கார்டுக்குப் போட்டார். "அரியலூருன்னா பின்ன எப்படிங்க," என்றார்.

குருநாதன் வந்துசேர இன்னும் நேரமாயிற்று. அவர் திரும்பிப் பாராமலேயே நிமிர்ந்த தலையோடு மைதானம்வரை போய்விட்டாராம். அங்கே காத்திருந்த தண்ணீர்ப் பந்தற்காரர், "மத்தவங்க எல்லாம் எங்கே?" என்று கேட்ட பிறகே தெரிந்திருக்கிறது. இப்போது குதிரையிலிருந்து இறங்காமலே பேசினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் அமிர்தலிங்கம். ஒண்ணில்ல, பதினொண்ணும் ஓடிடுச்சு. மரத்தடிக்கு இன்னும் என்ன பேச்சு?"

கண்ணையன் தேரிலிருந்து இறங்கித் தலைப்பாகையைக் கழற்றினான்.

"ராணி மேல தப்பில்லீங்க ஐயா. ஊதல் கேட்டதும் என் கைதான் தளந்துபோச்சு. சொன்ன சொல் சொன்னதுதான். நாளைக்குக் காலையிலேயே காலி பண்ணிடுறோம்."

வைத்திலிங்கமும் மற்றவர்களும் தலை குனிந்தார்கள். ஒருவனும் கண்ணையனை ஏசவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னம்மாள் கூட்டத்தை விலக்கி வந்தாள்.

"காலி பண்ணிடுவோம் ஐயா, நாங்க மனுசங்க, சொன்னாத் தெரியும். குதிரைக்கு யாரு போயிச் சொல்றது?"

"என்ன சொல்றே?" என்றார் அமிர்தலிங்கம்.

"சந்தைப்பேட்டைக்கு அந்தாண்ட கொண்டுபோயி நிறுத்துறீங்க. ஊதல் கேக்கும். இப்ப வந்த மாதிரியே பதினொண்ணும் கெளம்பும். சந்தைப்பேட்டையிலேருந்து இந்த மரத்துக்கு நடுவுல என்னென்ன இருக்குன்னு நீங்களே பாருங்க. சந்தை இருக்கு, கடைத்தெரு இருக்கு, டீச்சரம்மா பள்ளிக்கூடம் இருக்கு. உங்க மில்லு வாசல்லே நெல்லு காயுது. வண்டி வர்றப்பல்லாம் இந்தக் கூத்து நடக்கும். சனங்க ஒதுங்கி நிக்கப் பழகிக்கிட்டா எங்களுக்கு ஒண்ணுமில்ல."

அமிர்தலிங்கம் திரும்பி, தாம் ஓடிவந்த சாலையைப் பார்த்தார். சாலை நெடுகக் கொத்தளம் சிதறிக் கிடந்தது. யாருடைய செருப்போ ஒன்று நடுவிலே தனியாகக் கிடந்தது. குனிந்து பார்த்து அது தம்முடையதே என்று தெரிந்துகொண்டார். காய்கிற நெல்லின்மேல் நாற்பத்துநான்கு குளம்புகளும் ஒரு பேண்டும் போவதை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் குதிரைகளைப் பார்த்தார். அவை மூக்கு மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தன.

"குருநாதன், பெரம்பலூர் பஸ்ஸு ரயில் ஊதினா ஓடி வருமா?"

"பஸ்ஸு எப்படி ஓடி வரும்?"

"அப்போ கொட்டகையைச் சந்தைப்பேட்டைக்கு அந்தாண்டயே போட்டுடலாம். ஓடாதது அங்கே நிக்கட்டும். ஓடுறது ஓடி வர்ற இடத்துலயே இருக்கட்டும்."

கண்ணையனுக்கு அது காதில் விழுந்தும் மனத்தில் விழச் சற்று நேரம் பிடித்தது. "ஐயா, நான் குடுத்த வாக்கு," என்று தொடங்கினான்.

"வாக்கு உன்னுது. மரம் என்னுது," என்றார் அமிர்தலிங்கம். "என் மரத்தை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

"என்னோட குதிரைங்க மட்டும்தான் ஒழுங்கா நடந்துது. அதை யாரும் கேக்கல," என்று குருநாதன் முணுமுணுத்தார்.

"நடந்துதுங்க," என்றான் வைத்திலிங்கம். "மைதானத்துல பாக்கத்தான் ஆளில்லாமப் போச்சு."

சிரிப்பொலி எழுந்தது; குருநாதனே மீசையைத் தடவுகிறாற்போல் வாயை மறைத்துக்கொண்டார். மூச்சு வாங்கி முடித்த தங்கசாமி, பழைய நடைக்கே பாட்டைக் கொண்டுவந்தார். ஊர்வலம் இனி ரயிலடியிலிருந்து புறப்படுமென்று அமிர்தலிங்கம் அறிவித்தார். அதுவே ஆதியிலிருந்து ஏற்பாடு என்பது போன்ற குரலில் அறிவித்தார். ரயில் மறுபடியும் ஊதிவிட்டுக் கிளம்பிற்று. போகிற வண்டியின் ஊதலுக்குக் குதிரைகள் காதைக்கூட அசைக்கவில்லை.

கண்ணையன் லகானை எடுத்தான். தலைப்பாகை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டான். பொன்னம்மாள் சரிந்த கனகாம்பரத்தை எட்டிச் செருகிக்கொண்டே, "அழுறதுன்னா மைதானத்துக்குப் போயி அழுங்க. தேரோட்டி அழுதா நல்லா இருக்காது," என்றாள். சொல்லிவிட்டு, தன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்த வேளையில் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒரு கிழவர், கையில் தகரப்பெட்டியும் கண்ணில் தூக்கமுமாக வந்தார். கொட்டு முழக்கம், கொடி, கோட்டை எதுவும் அவருடைய கருத்தில் ஏறினதாகத் தெரியவில்லை. எப்போதும் வருகிறவர் போலும். நேரே மரத்தடிக்கு வந்து, முதலில் நின்ற வண்டியின் அருகே பெட்டியை இறக்கினார்.

"கடைத்தெருவுக்கு வருமாப்பா?"

கண்ணையன் அமிர்தலிங்கத்தைப் பார்த்தான். அமிர்தலிங்கம் பாரதமாதாவைப் பார்த்தார். பாரதமாதா யாரையும் பார்க்கவில்லை.

"கடைத்தெரு வழியாத்தான் போறோம்," என்றான் கண்ணையன். "ஏறுங்க."

கிழவர் செண்டுப்பூத் தாமரையின் ஓரத்தில், பாரதமாதாவின் பாதத்தருகே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏர்க்கால் லேசாக மேலே எழும்பிற்று. கண்ணையன் அதைக் கையால் அமுக்கிப் பார்த்தான்.

"கொஞ்சம் முன்னால நகந்து உக்காருங்க. பின்னாடி கனம்."

கிழவர் நகர்ந்தார். பாரதமாதாவும், உதட்டை அசைக்காமல், ஒரு சாண் முன்னால் வந்தாள்.